கீழக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் வைஃபை

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் 14 ஆண்டுகள் ஆகின்றன. இம்முறை ஊருக்கு வந்தது, ஓய்வுபெற்ற ஆசிரியையான உம்மாவின் ஓய்வூதியத்துக்குரிய வாழ்வுச் சான்றையும் வங்கி, ஆதார் தொடர்பான சில வேலைகளையும் முடித்துக் கொடுப்பதற்காக. இவை பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே நடப்பதால், எந்த இடத்து வைஃபையில் எதைச் செய்யலாம் என்பதை மூன்று வாரமும் யோசித்துக்கொண்டே இருக்க நேர்ந்தது.

கீழக்கரைக்கு ரயில் கிடையாது என்பதால் சேது எக்ஸ்பிரஸில் வந்து இராமநாதபுரத்தில் இறங்கினேன். ரயில் நிலைய வைஃபை நாள்தோறும் முதல் 30 நிமிடங்களுக்கு இலவசம். ஆனால் இந்தியக் கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால்தான் இணைப்புக் கிடைக்கும். அழைத்துப் போக வந்திருந்த மச்சான் தம் எண்ணைத் தர முன்வந்தார். நான் வேண்டாம் என்றேன். நான் செய்வதெல்லாம் அவருடைய எண்ணின் பேரில் பதிவாகும் என்பது ஒரு காரணம். கேட்டவுடன் ஓடிபியைச் சொல்லிவிடும் பழக்கம், கேட்பவர் உறவினராக இருந்தாலும் வளரக் கூடாது என்பது மற்றொன்று. அன்றே ஓர் இந்திய சிம் வாங்கிக்கொண்டேன்.

சிங்கப்பூரில் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அக்னி தீர்த்தத்தில் நீராடக் குடும்பத்துடன் வந்திருந்ததால், இரண்டு நாள் அவர்களோடு ராமேசுவரத்தில் ஒரு விடுதியில் தங்கினேன். வரவேற்பறைப் பலகையில் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருந்தன. என் கைபேசியோ அதே பெயரில் இரண்டு வலைகளைக் காட்டியது. ஒன்றில் பூட்டு அடையாளம் இருந்தது, மற்றதில் இல்லை. பூட்டில்லாததில் நண்பர் இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து, பெயர், மின்னஞ்சல், மின்னஞ்சலின் கடவுச்சொல், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் கேட்டது. மேலாளரிடம் விசாரித்தபோது, தங்கள் வைஃபை பலகையில் உள்ள கடவுச்சொல்லைத் தவிர வேறெதையும் கேட்காது என்றார். பிறருடைய வலையின் பெயரைத் தன் கருவிக்குச் சூட்டிக்கொள்வதற்கு யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. அந்தப் பெயரில் முன்பே இணைந்து பழகிய கைபேசி, சில வேளை கேட்காமலேயே அதில் போய் இணைந்துவிடும். நண்பர் எதையும் நிரப்பாமல் வெளியேறி, அந்தப் பெயரைக் கைபேசியின் நினைவிலிருந்தும் நீக்கினார்.

ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குவதால், திறந்த வைஃபையில் ஒட்டுக்கேட்பவருக்கு நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியலாமே தவிர, அங்கே என்ன எழுதுகிறோம் என்பது தெரியாது. ஆகவே காற்றில் போகும் தகவலைவிட, நாமே கையால் நிரப்பிக் கொடுப்பதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

அந்தக் கவலை மெய்யானது கீழக்கரைக் கடைத்தெருவில்தான். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஓர் ஆள் இல்லாத வீடு குறைவான எங்கள் ஊரில், பாஸ்போர்ட், விசா, ஆதார் நகல்கள் அத்தனையும் ஜெராக்ஸ் கடைகளின் வழியாகத்தான் போகின்றன. வங்கிப் படிவம் ஒன்றை அச்செடுக்க நான் போன கடையில், பிரிண்டர் வைஃபையில் இருப்பதாகச் சொல்லி, என் மடிக்கணினியையே அதில் இணைக்கச் சொன்னார்கள். இது பொது வலையா, தனிப்பட்ட வலையா என்று விண்டோஸ் கேட்டதற்கு, அவசரத்தில் ‘தனிப்பட்ட’ என்று அழுத்திவிட்டேன். அது என் தவறு. உடனே அந்த வலையில் உள்ள மற்றக் கணினிகள் திரையில் வந்தன. கடைக் கணினியின் ‘ஸ்கேன்’ என்ற கோப்புறை கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்தது; உள்ளே ஆட்களின் பெயரிட்ட ஆதார், பாஸ்போர்ட் கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் திறக்காமல், திரையைக் கடைக்காரரிடம் திருப்பிக் காட்டினேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “காக்கா, ஸ்கேன் பண்ணுறது நேரா கம்ப்யூட்டருக்கு வரணும்னுதான் அதைத் திறந்து வச்சேன். வர்றவங்களுக்கும் தெரியும்னு யாருமே சொல்லலையே” என்றார். காக்கா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இணைப்பைப் போட்டுக் கொடுத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய விஷயம் அது.

கடையடைக்கும் நேரத்தில் மீண்டும் போனேன். ரூட்டரில் வாடிக்கையாளர்களுக்கெனத் தனியாக ஒரு விருந்தினர் வலையை ஏற்படுத்தி, ரூட்டருடனேயே வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, கோப்புறைப் பகிர்வை நிறுத்தினோம். விருந்தினர் வலையிலிருந்து பிரிண்டரை எட்ட முடியாது என்பதால் அவர் சற்றுத் தயங்கினார். இனி கோப்பை மின்னஞ்சலில் வாங்கி, அச்செடுத்ததும் வாடிக்கையாளரின் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவது என்று முடிவானது. முதல் 8 இலக்கங்களை மறைத்துக் கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் ஆதார் நகலை ஆதார் தளத்திலேயே பதிவிறக்கலாம் என்பதையும், அதை ஏற்கும் இடங்களுக்கு அதுவே போதும் என்பதையும் சொன்னேன். உம்மாவின் வாழ்வுச் சான்றை மட்டும் எந்தக் கடைக்கும் கொண்டுபோகாமல், வீட்டிலேயே என் சிம்மின் இணைப்பில், கைபேசிக் கேமராவில் முகத்தைக் காட்டி முடித்தோம்.

பழைய ஸ்கேன் கோப்புகளை அழித்து முடிக்க இரவு பத்தரை ஆகிவிட்டது. ஷட்டரை இறக்கும்போது, தம் மைத்துனரின் கடையிலும் இதே ரூட்டரை இதே ஆள்தான் போட்டுக் கொடுத்தார் என்று அவர் சொன்னார். மறுநாள் காலை இருவரும் அங்கே போனோம்.