அப்பா பெயருக்கு ஐம்பது ரூபாய் கழிவு

மும்பையில் பழைய ரெக்கார்டு விற்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அட்டையில் வீட்டுப் பெரியவர் பெயர் எழுதியிருந்தால், தட்டுக்கு 50 ரூபாய் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார்கள். எங்கள் அப்பா ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார்.

எழுதாமல் என்ன செய்வார்? மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் அப்போது ரெக்கார்டு பிளேயர் இருந்ததே நாலைந்து வீட்டில்தான். எங்களுடையது ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா. நவராத்திரி கொலு, சீமந்தம், யார் வீட்டு விசேஷமானாலும் தட்டு இரவல் போகும். திரும்பி வரும்போது கவர் நம்முடையதாக இருக்கும், உள்ளே தட்டு வேறு யாருடையதோ. அதனால் வாங்கிய அன்றே அட்டையின் மூலையில் ஒன்று, லேபிளில் ஒன்று என்று ராயல் ப்ளூ மையில் பெயரும் தேதியும் போட்டுவிடுவார். லேபிளில் நாய்ப் படத்தின் மேல் படாமல், ஓட்டைக்குக் கீழே, எறும்பு சைஸில்.

இப்போது பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது. அக்ரிமென்ட், வாடகைச் செக் எல்லாம் அண்ணா பார்த்துக்கொண்டான், அதில் ஒரு குறையும் இல்லை. ரெக்கார்டுதான் என் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் நான் இருக்கும் எடிசனுக்குக் கொண்டுபோகலாம் என்றால் கவரோடு ஒரு எல்.பி., அதாவது பெரிய தட்டு, கிட்டத்தட்ட கால் கிலோ. 100 தட்டுக்கே விமானக்காரன் கொடுக்கும் 23 கிலோ பெட்டி ஒன்று தாண்டிவிடும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளான 78-கள் இன்னும் மோசம். அவை அரக்குச் சேர்ந்தவை, கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகிவிடும்.

காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்ற பாட்டுக் கடை இருந்தவரை அங்கே போய் யாரைப் பார்க்கலாம் என்று விசாரித்திருக்கலாம். அது 2016-லேயே மூடியாயிற்று. விசாரித்ததில் எல்லா விரலும் பழைய சாமான் விற்கும் சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட் பக்கமே காட்டியது. அங்கிருந்து முதலில் வந்த வியாபாரி ஒரு தட்டைக்கூட வெளியே எடுக்கவில்லை. அடுக்கைச் சாண் போட்டு அளந்தார், லாட்டாக ஒரு தொகை சொன்னார், டீ குடித்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் இரண்டாவது ஆள்மேல். அவன் தொழில் தெரிந்தவன், அதுதான் வயிற்றெரிச்சல். பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவன் மூன்றரைக்கு வந்தான் (அதை விடுங்கள், லோக்கல் ரயில் தாமதம் என்றான், நம்பினேன்). தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தான். டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துக் கீறல் பார்த்தான். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணை மொபைல் டார்ச் அடித்துப் படித்தான், முதல் அச்சா மறு அச்சா என்று பார்க்க. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ரெக்கார்டு எக்ஸ்சேஞ்ச் என்ற கடையில் பெட்டியைப் புரட்டுகிறவர்கள்கூட இவ்வளவு பதவிசாகத் தொடுவார்களா, தெரியாது. நான் அசந்துபோய் மன்னியிடம் இன்னொரு காபி சொன்னேன்.

அப்புறம் அந்தப் பெயரைப் பார்த்தான். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, அப்பா கையெழுத்தின் மேல் வைத்துத் தேய்த்தான்.

மை லேசாகப் பரவியது. "போகாது அங்கிள், 50 கம்மி" என்றான் ஹிந்தியில். அடுத்தது. மறுபடி எச்சில். "இதுவும் 50." இரண்டாவது தட்டிலேயே கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். தேய்க்காமல் கழித்துக்கொள் அப்பா, தேய்க்காதே.

நியாயம் இல்லாமல் பேசவில்லை. அமெரிக்காவிலும் எழுத்து இருந்தால் விலை குறையும்தான். ரெக்கார்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் லேபிளில் பேனா எழுத்து என்று ஒரு வரி போட்டுத்தான் விற்கிறார்கள். ரெக்கார்டுகளுக்கான கோல்ட்மைன் தர வரிசையில் நியர் மின்ட், அதாவது ஏறக்குறையப் புதுசு, என்பதிலிருந்து ஒரு படி இறங்கி விஜி பிளஸ் ஆனாலே விலை ஏறக்குறைய பாதி. ஆனால் அங்கே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இறந்துபோன மனிதரின் கையெழுத்தை மகன் கண்ணெதிரே எச்சில் போட்டு அழிக்கப் பார்ப்பதில்லை. நான் இதை இங்கிலீஷும் ஹிந்தியுமாகச் சொல்ல, கீழ்வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "அவா அப்பா பேர் இருந்தா விலை ஏறணும்டா, இறங்கப்படாது" என்று தமிழில் நீதி சொன்னார். மாமா வீட்டுக் கொலுவில் எங்கள் தட்டு எத்தனை மாறிப் போயிருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று நல்ல விலைக்குப் போனவை அப்பா வாங்கியவையே அல்ல. எம்.எஸ். பாடிய சுப்ரபாதம், 1963-ல் வந்தது, எங்களிடம் ஒன்றுக்கு மேலேயே இருந்தது. அதை அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கினான். எல்லா மதராஸி வீட்டிலும் இருக்கிறது, யார் வாங்குவார்கள் என்றான். எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்.பி.கள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். எண்பதுகளில் அண்ணா ட்யூஷன் காசில் வாங்கி, அப்பாவுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தவை. சினிமாப் பாட்டு என்றால் அப்பாவுக்கு ஆகாது. ஒளித்து வைத்ததால் அவற்றில் பெயர் எழுதப்படவில்லை. பெயர் இல்லாததால் முழு விலை. அண்ணா முகத்தில் அன்று இருந்த களையை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

பணம் மன்னியின் ஜிபேயில் சட்டென்று வந்து விழுந்தது. பெட்டிகளை இறக்கும்போதுதான் பில்டிங்கை நிர்வகிக்கும் சொசைட்டி நினைவு வந்தது. வாட்ச்மேன் கேட் பாஸ் கேட்டான். செக்ரட்டரி கையெழுத்து வேண்டும், அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஆபீஸ் திறப்பார். இடிக்கப் போகிற கட்டடத்திலிருந்து பழைய பாட்டை வெளியே கொண்டுபோக அனுமதிக் கடிதம்! வாங்கியவன் படியில் உட்கார்ந்து பீடா மென்றான். நான் அவனோடு பேசவில்லை. ஆறரைக்குச் செக்ரட்டரி வந்து, ஒரு தாளில் "ஓல்டு ரெக்கார்ட்ஸ், பாக்ஸ்" என்று எழுதிக் கொடுத்தார், அட்டைப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

78-களை அவன் எடுக்கவில்லை. அவற்றுக்கு வேறு ஊசி வேண்டும், ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும், அதைக் கேட்கிறவர்கள் குறைவு என்றான். நடுவில் முள் பொருத்திச் சுவர்க் கடிகாரமாக்குகிறவர்கள் எடுப்பார்கள், நம்பர் தரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். கொலம்பியா கம்பெனி லேபிள் போட்ட அந்த 78-கள் இப்போது செம்பூரில் அண்ணா வீட்டு லாஃப்டில், பழைய புடவைகளுக்கு நடுவே நிற்க வைத்திருக்கின்றன. படுக்க வைத்து அடுக்காதே என்று மன்னியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினேன். பார்த்துக்கொள்கிறேன் என்றாள், அடுத்த முறை வரும்போது பெரிய சூட்கேஸாகக் கொண்டுவரச் சொன்னாள்.