ஒரே பெயர், மூன்று எந்திரங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டைமாடி அல்லித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தோம். பச்சை உடலும் சிவப்புக் கண்புள்ளியுமாக யூக்ளினா என்ற ஒற்றைச் செல் உயிர் ஒன்று நெளிந்து புரண்டு போனது. பக்கத்தில் பாக்டீரியா, வெறும் தூசிப் புள்ளி. நேராக ஓடும், சட்டெனத் தடுமாறும், வேறு திசையில் மறுபடி ஓடும். "இரண்டுக்கும் கசையிழைதானே அப்பா?" என்றாள் பதினோராம் வகுப்பு மகள்.

நீந்த உதவும் இழைக்குத்தான் அந்தப் பெயர். பெயர் ஒன்றுதான். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. கசை என்றால் சாட்டை. அது யூக்ளினாவுக்குத்தான் பொருந்தும். அதன் இழைக்குள் ஒன்பது இரட்டை நுண்குழல்கள் சுற்றி நிற்க, நடுவில் இரண்டு. டைனின் என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்று தள்ள, இழை நெடுகிலும் வளைகிறது. விந்தணுவின் வாலும் இதே கட்டுமானம்தான்.

பாக்டீரியாவுடையது சாட்டையே அல்ல, காசிமேட்டு ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் எஞ்சின். செல் சவ்வில் பதிந்த மோட்டார், திருகு போன்ற இழையை நிஜமாகவே சுற்றுகிறது. 1974இல் சில்வர்மேன், சைமன் என்ற ஆய்வாளர்கள் பாக்டீரியாவின் இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள்; இழை அசைய முடியாததால் உடலே பம்பரமாகச் சுழன்றது! ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் இந்த மோட்டாருக்கு ஏடிபி வேண்டாம். புரோட்டான்கள் உள்ளே பாயும் விசையே போதும், நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். இழையின் தடிமன் சுமார் 20 நானோமீட்டர். எங்கள் நுண்ணோக்கியில் அது தெரியாததில் வியப்பில்லை.

மூன்றாவது, ஆர்க்கியாவுடையது. பாக்டீரியா போலவே தோன்றும் தனி உயிர்க்குழு அது. அதன் இழையும் சுழல்கிறது, ஆனால் ஓடுவது ஏடிபியில். பாக்டீரியாவின் இழை உள்துளை வழியாகப் புரதத்தை அனுப்பி நுனியில் வளரும். ஆர்க்கியாவுடையது அடியிலிருந்து வளரும். ஒட்டிக்கொள்ள உதவும் பிலி இழைகளுக்கு உறவு. பாக்டீரியாவின் மோட்டாருக்கோ, சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி நம் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்தும் ஊசிதான் உறவு. பரிணாமம் மூன்று முறை தனித்தனியே நீந்தக் கற்றிருக்கிறது.

எது சிறந்தது என்றால், அந்தச் சின்ன உடலுக்கு பாக்டீரியாவின் மோட்டாரைத்தான் சொல்வேன். யூக்ளினாவின் இழை பாக்டீரியாவின் இழையைவிடக் குறைந்தது பத்து மடங்கு தடிமன். பாக்டீரியாவின் முதுகில் கட்டினால் உடல் அகலத்தில் கால்பங்கை அடைத்துவிடும். தண்ணீரும் அந்த அளவில் பாகு மாதிரி. மோட்டார் நின்றால் ஓர் அணுவின் அகலம்கூட உருண்டு போகாது.

மகள் நோட்டில் கசையிழையை அடித்துவிட்டு 'திருகிழை' என்று எழுதிக்கொண்டாள். தேர்வில் அப்படி எழுதாதே, மதிப்பெண் போய்விடும் என்று சொல்ல வேண்டியிருந்தது.