கார் கண்ணாடி வாஷர்ல தண்ணி வரலயா, செட்டையே மாத்தாதீங்க: சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டு கடை

வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்ல இருக்கற சின்ன கார் எலக்ட்ரிக்கல் கடை, போர்டு வெயில்ல வெளுத்து பேரே படிக்க முடியாது, ஒரு கம்ப்ரசரு, ரெண்டு ஸ்டூலு, பழைய பேட்டரி குவியல், அவ்ளோதான் கடை. ஆனா வேலை சுத்தம்.

என் வண்டில வாஷர் லீவர இழுத்தா மோட்டார் ர்ர்ருன்னு ஓடுது, டிரைவர் பக்கம் சொட்டு சொட்டா வடியுது, அந்த பக்கம் அதுவும் இல்ல. பைபாஸ்ல தூறல்ல லாரி பின்னாடி போனவங்களுக்கு தெரியும், கண்ணாடி பூரா சேறு அப்பிக்கும், வைப்பர் போட்டா அத இன்னும் நல்லா இழுவி விடும், பள்ளிகொண்டா டோல் வர்ற வரைக்கும் கழுத்த நீட்டி நீட்டி ஓட்டணும். ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டுனா பானெட்ட கூட தொறக்காம பம்ப்பு, டியூபு, தண்ணி பீச்சுற நாஸில் எல்லாத்தையும் செட்டா மாத்தணும்னு எஸ்டிமேட் நீட்றாங்க. மோட்டார் ஓடுற சத்தம் நல்லா கேக்குதே, அப்புறம் பம்ப்ப எதுக்குயா மொதல்ல மாத்தணும்?

இந்த சத்துவாச்சாரி கடைக்கார பாய் செஞ்ச மொத வேலையே வேற. பானெட்ட தூக்கி, நாஸில் அடில போற சின்ன ரப்பர் டியூப உருவிட்டு வாஷர அழுத்துங்கன்னாரு. தண்ணி பீச்சி அடிச்சுது. "இங்க வரிக்கும் தண்ணி வர்து ணா, அடைப்பு நாஸில்ல தான் கீது. டியூப்லயே வரலன்னா தான் டியூப் எங்கனா மடிஞ்சிருக்கா, டேங்க் அடில பம்ப் ஜல்லடை அடைச்சிருக்கான்னு பாக்கணும்"னாரு. அவ்ளோதான் டெஸ்ட்டு, ஒரு நிமிஷம் கூட ஆகல.

நாஸில கிளிப் அழுத்தி கழட்டி கையில குடுத்தாரு, ஓட்டை சுத்தி சுண்ணாம்பு வெச்ச மாதிரி வெள்ளை. எல்லாம் போர் தண்ணியோட உப்பு. நம்மூர்ல பாத்ரூம் பக்கெட்ட பாத்தாலே தெரியுமே, அதே தண்ணிய தான் வாஷர் டேங்க்லயும் ஊத்தறோம், பானெட் சூட்ல தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் நாஸில் வாயில நின்னுடுது. பாலாறு பக்கத்துலயே இருக்குன்னு பேரு, அதுல மணல் தான் ஓடுது, போர விட்டா வேற வழி? இதுல சில பேர் பாத்திரம் கழுவுற லிக்விட வேற கலக்கறாங்க, அது நொரையா வந்து கண்ணாடில கோடு கோடா காயுது.

ரெண்டு நாஸிலையும் வெந்நியும் வெள்ளை வினிகரும் கலந்த டம்ளர்ல போட்டுட்டு பாய் டீக்கு போய்ட்டாரு. வந்து தண்ணி பீச்சுற வாய் பக்கத்துல இருந்து உள்பக்கமா ஏர் அடிச்சாரு, அப்ப தான் அடைப்பு வந்த வழியே வெளிய தள்ளுமாம். டியூப் மாட்டி இருக்கறப்ப மட்டும் ஏர் அடிச்சுடாதீங்க, அழுத்தம் வால்வு பம்ப்புன்னு போய் புது செலவு வெக்கும். மிச்சம் இருந்தத மெல்லிசு கம்பி விட்டு எடுத்தாரு. தையல் ஊசிய முரட்டுத்தனமா விட்டா ஓட்டை பெருசாகி தண்ணி பீச்சாம ஊத்தும், அத சொல்லியே குடுத்தாரு. கடைசில நாஸில் வாயில இருக்கற சின்ன குண்ட குண்டூசியால லேசா திருப்பி, கண்ணாடில நடுவுக்கு கொஞ்சம் மேல படுற மாதிரி வெச்சாரு, ஸ்பீடுல போறப்ப காத்து தண்ணிய கீழ அமுக்குமாம்.

150 ரூபா வாங்குனாரு. புது பார்ட் எதுவும் இல்ல. இனிமே ஆர்ஓ தண்ணி இல்லன்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர், அதுல வாஷர் லிக்விட் கலந்து ஊத்துங்கன்னாரு, இப்ப அதான் ஊத்தறேன், ரெண்டு பக்கமும் நல்லா பீச்சுது.

கொறையும் இருக்கு. வெள்ளிக்கெழம மதியம் கடை இருக்காது, போன் பண்ணா எடுக்கவும் மாட்டாரு. பின் கண்ணாடி வாஷர தொடல, அந்த டியூப் ரூஃப் லைனிங் வழியா போவுது, பிரிக்க பாதி நாள் ஆவும் இன்னொரு நாள் வாங்கன்னுட்டாரு, அது நியாயம் தான். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், அந்த ஒன்னு கொறஞ்சது நிழல் இல்லாததால. மே மாசம் நம்மூர் சர்வீஸ் ரோட்ல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, நீங்களும் கொறப்பீங்க.