நாய்க்குட்டி ‘ஸ்டார்ட்டர் கிட்’: பையில் இருப்பதும் இல்லாததும்

குட்டி வீட்டுக்கு வரும் வாரத்தில் செல்லப்பிராணிக் கடைக்குப் போனால் ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று ஒரு பையைக் கையில் திணிப்பார்கள். பிராண்டு எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கட்டு பீ பேட் (குட்டியின் மூத்திரத்தை உறிஞ்சும் விரிப்பு), ‘டாய்லெட் ட்ரெய்னிங்’ ஸ்ப்ரே, கடிப்பதைத் தடுக்கும் கசப்பு ஸ்ப்ரே, கயிற்று பொம்மை, கீச்சென்று கத்தும் ரப்பர் எலும்பு, சிலவற்றில் வெள்ளைத் தோல் எலும்பும். அடுக்குமாடி வீட்டில் 8 வாரக் குட்டியை வைத்திருப்பவர்களுக்கு இதில் எது பயன்படும்? பேட் பாதி உதவி. ட்ரெய்னிங் ஸ்ப்ரே வேண்டாம். கசப்பு ஸ்ப்ரே ஒரே ஒரு வேலைக்கு நல்லது. நிஜமாகவே தேவைப்படும் இரண்டு பொருள்கள் இந்தப் பையிலேயே கிடையாது.

பேடில் இருந்தே தொடங்கலாம். குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் நோயான பார்வோவுக்கான தடுப்பூசி வரிசை ஏறக்குறைய 16 வாரத்தில்தான் முடியும். அதுவரை தெருநாய்கள் புழங்கும் மண்ணில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. எனவே வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும், அதற்குப் பேட் கைகொடுக்கும். உள்ளே மரக்கூழும், ஈரத்தை உறிஞ்சிக் களியாகும் பாலிமர் தூளும், அடியில் பிளாஸ்டிக் தாளும் இருக்கின்றன. கிட்டில் வைப்பது பெரும்பாலும் 45x60 செ.மீ. அளவு. லாப்ரடார், நாட்டுக் குட்டிகளுக்கு இது போதாது. முன்கால் பேடின் மேலே, பின்கால் தரையில் என்று நின்று ஓரத்திலேயே போய்விடும். குட்டி சரியாகத்தான் செய்திருக்கிறது, பேட்தான் சின்னது. 60x90 வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. காலுக்கு எது தட்டுப்படுகிறதோ அதை வைத்துத்தான் குட்டி இடத்தைப் பழகுகிறது. பேட் துணிபோல மெத்தென்று இருப்பதால் குளியலறை வாசல் மிதியடி, தரையில் விரித்த போர்வை, மடித்துவைத்த துணி எல்லாமே அதற்குக் கழிப்பிடம் ஆகிவிடும். கிழித்து விளையாடும், பாலிமரை விழுங்கவும் விழுங்கும். இரண்டுக்கும் ஒரே மாற்று, மேலே பிளாஸ்டிக் வலைத்தட்டு பூட்டிய ட்ரே. பேடை வலைக்கு அடியில் போட்டால் பல்லுக்கு எட்டாது, காலுக்கும் துணியாகத் தெரியாது. செயற்கைப் புல் ட்ரேயும் நல்லதுதான். ஆனால் தினமும் அலசாவிட்டால் நாற்றம் எடுக்கும், மே மாத மதியத்தில் நிழல் இல்லாத பால்கனியில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். எதுவானாலும் முதல் நாளே பால்கனியில் வையுங்கள். ஹாலில் பழக்கிவிட்டுப் பிறகு நகர்த்தினால் நாளுக்கு ஓரிரண்டு அடிக்கு மேல் நகர்த்த முடியாது.

செலவுக் கணக்கும் பாருங்கள். நாளுக்கு 5 பேட் என்றால் மாதத்துக்கு 150 பேட். வலைத்தட்டின் அடியில் பழைய செய்தித்தாள் நாலைந்து தாள் போட்டாலும் அதே வேலை நடக்கும். வாடை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ட்ரெய்னிங் ஸ்ப்ரே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூத்திர வாடையை ஒத்த ஒரு வாசனையைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். குட்டியின் மூத்திரத்தைத் துடைத்த டிஷ்யூவை ட்ரேயின் மூலையில் விட்டுவைத்தால் அதைவிட நம்பகமான வாசனை இலவசமாகவே கிடைக்கிறது.

பழக்கத்தைக் கொண்டுவருவது கடிகாரம். பகலில் ஒரு குட்டி அடக்கிவைக்கக் கூடிய உச்ச நேரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு, வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி. 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து விளையாடும்போது அரைமணி முக்கால்மணிக்கு ஒருமுறை ட்ரேக்குக் கொண்டுபோக வேண்டும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவில் திடீரென மோப்பம் பிடித்துச் சுற்றத் தொடங்கும்போது, இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். போய் முடித்த ஓரிரு விநாடிக்குள், ட்ரேயின் பக்கத்திலேயே தீனி கொடுக்க வேண்டும். சமையலறைக்கு ஓடி பிஸ்கட் எடுத்து வந்தால், பாராட்டு உங்கள் பின்னால் ஓடிவந்ததற்குப் போய்ச் சேரும். இரவுச் சாப்பாட்டை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், நம் வெயிலுக்கு அது ஆபத்து. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கும் பழைய வைத்தியத்தால் குட்டி தெரிந்துகொள்வது ஒன்றுதான்: மனிதர் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும்.

பையில் இல்லாத முதல் பொருள் என்சைம் கிளீனர், அதாவது வாடைக்குக் காரணமானதை நொதிகளால் சிதைக்கும் திரவம். செலவிடுவதற்கு மிகத் தகுதியான புட்டி இதுதான். சோப்புநீரும் ஃபினாயிலும் நம் மூக்குக்கு மட்டும் வாடையை மறைக்கும். மூத்திரத்தின் எச்சம் தரையிடுக்கிலேயே தங்கிவிட, குட்டி மோப்பம் பிடித்து அதே மூலைக்கு வரும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அந்த வாடையே மூத்திரம்போல. முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கறையைவிட ஒரு சாண் அதிகப் பரப்புக்குக் கிளீனரைத் தாராளமாக ஊற்றி 10, 15 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். ‘தெளித்தேன், துடைத்தேன், வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பெரும்பகுதி இந்தப் பொறுமை இல்லாததால் வருவது. முன்பே ஃபினாயிலோ பிளீச்சோ போட்ட இடம் என்றால் வெறும் தண்ணீரில் இருமுறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கிளீனர் செயலிழந்துவிடும். மூத்திரத்தின் மேல் நேராகப் பிளீச் ஊற்றவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை எரிக்கும் வாயு கிளம்பும்.

இரண்டாவது, நடுவில் தடுப்பு வைக்கக்கூடிய கம்பிக் கூண்டு. லாப்ரடாருக்கு வளர்ந்த பிறகு 42 அங்குலம் தேவை. அதையே வாங்கி, குட்டி நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க மட்டும் இடம் இருக்கும்படி தடுப்பை நகர்த்திக்கொண்டே போகலாம். முழுக்கூண்டையும் திறந்துவிட்டால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பறை. சுற்றிலும் மூடிய பிளாஸ்டிக் கூண்டு நம் கோடைக்கு ஆகாது.

இனி கடிக்கும் பிரச்சினை. 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம் ஏறக்குறைய 4 மாதத்தில் தொடங்கி 7 மாதம்வரை ஓடும். ஈறு குடைச்சலில் கதவு விளிம்பு, துடைப்பம், செருப்பு எதுவும் தப்பாது. கசப்பு ஸ்ப்ரேக்களில் பலவற்றில் இருப்பது டினாடோனியம் பென்சோயேட். 1958இல் ஸ்காட்லாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட, உலகின் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. மேசைக்கால், கதவுச் சட்டம் போன்ற நகராத பொருள்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. முதலில் ஒரு பஞ்சில் தொட்டுக் குட்டியின் நாக்கில் காட்டுங்கள். முகம் சுளித்தால்தான் பலன் உண்டு. சில குட்டிகள் ரசித்து நக்கும், அவற்றுக்குப் பணம் வீண். தினமும் மறுபடி அடிக்க வேண்டும். மின்வயருக்கு இதை நம்பாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி உயரத்தில் வையுங்கள். மிளகாய்த்தூள் தூவும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், கண்ணும் மூக்கும் எரிந்துபோகும்.

ஆனால் கசப்பு, ‘இதைக் கடிக்காதே’ என்று மட்டும்தான் சொல்லும். எதைக் கடிக்கலாம் என்பதற்குக் கிட்டில் உள்ள ரப்பர் எலும்பு பதில் ஆகாது. அதன் கீச்சுக் குழல் வெளியே வந்தால் அடுத்த நிமிடம் வயிற்றில். அந்த இடத்துக்குச் சரியான பொருள், உள்ளே தீனி நிரப்பிக் கொடுக்கும் காங் நிறுவன ரப்பர் பொம்மையின் பப்பி வகை. 1976இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், தன் ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு ஃபோக்ஸ்வேகன் வண்டியின் ரப்பர் பாகத்தைக் கடித்து மகிழ்வதைப் பார்த்து உருவாக்கியது. குட்டிகளுக்கு வெளிர் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிற மென்ரப்பர்தான். கறுப்பு வேண்டாம், அது முரட்டுத் தாடைக்கு. ஊறவைத்த உலர்தீனி, வேகவைத்த பூசணி, ஒரு கரண்டி புளிக்காத தயிர், இதைப் பிசைந்து நிரப்பி, டம்ளரில் நிமிர்த்தி 4 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். முதல் சில தடவை உறையவைக்காமல் தளர்வாக நிரப்பிக் கொடுங்கள், கடினமாக இருந்தால் குட்டி கைவிட்டுவிடும். வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்தால் புட்டியில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று பாருங்கள், நாய்க்கு அது விஷம். உள்ளே போகும் தீனியை அன்றைய அளவில் கழித்துக்கொள்ளவும் வேண்டும்.

குறை? விலை அதிகம். பாட்டில் பிரஷ் இல்லாமல் கழுவ முடியாது, அரைமணி தரையில் கிடந்தால் எறும்பு மொய்க்கும். அதே வடிவில் மலிவு நகல்களும் கிடைக்கின்றன. வாங்குமுன் பெரிய துளைக்கு எதிர்ப்பக்கம் சின்னத் துளை உண்டா என்று பாருங்கள். ஒற்றைத் துளை பொம்மையில் காற்று இழுத்து நாக்கு மாட்டிக்கொள்ளும்.

மான் கொம்பு, வேகவைத்த எலும்பு இரண்டையும் தவிருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சற்றும் பதியாத எதுவும் பல்லை உடைக்கும். வேகவைத்த எலும்பு சிலாம்பாகத் தெறித்துத் தொண்டையையும் கிழிக்கும். பழைய செருப்பைக் கொடுப்பவர்கள் புதுச் செருப்புக்கும் சேர்த்தே அனுமதி கொடுக்கிறார்கள்.

கயிற்று பொம்மையின் மறுமுனையை நீங்கள் பிடித்திருக்கும் வரை நல்லது, விளையாட்டு முடிந்ததும் அலமாரிக்குள் போட்டுவிடுங்கள். பிரிந்த நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டி அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும். தோல் எலும்பு ஊறிப் பெரிய துண்டாகத் தொண்டையில் அடைக்கும். பையில் அது இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு நகவெட்டி கேளுங்கள்.