வெண்பட்டு வேட்டியில் ஒரு நாட்டிய உடை: சேலத்துத் தையல்கடை அனுபவம்

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் நடந்த அழகிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, அதில் 'நாட்டின் பாரம்பரியம்' என்று ஒரு சுற்று உண்டு, அதற்கேற்ற உடையில் இரண்டு நிமிஷம் ஆட வேண்டும் என்றாள். போட்டிக்கு இருந்ததோ பதினெட்டே நாள். நாட்டிய உடை தைத்தும் தருவார்கள், நகை வாடகைக்கும் கிடைக்கும் என்று சொன்னார்களே என்று கடைவீதிப் பக்கம் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். பெயர் போடவில்லை, ஏன் என்று படித்தால் தெரியும்.

மாஸ்டர் முதலில் ஆல்பத்தைத்தான் காட்டினார். காவி ஜாக்கெட், வெள்ளை மேலாக்கு, பச்சைப் பேன்ட், முன்னால் விரியும் விசிறியின் நடுவில் அசோகச் சக்கரம். "இதைப் போட்டா இந்தியான்னு தனியா சொல்லவே வேண்டாமுங்க அக்கா" என்றார். சொல்ல வேண்டாம்தான், ஆனால் சக்கரம் முழங்காலில் வந்து உட்கார்கிறதே! தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே உடையாக அணியக்கூடாது என்று 1971ஆம் வருஷத்துச் சட்டத்தில் 2005இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். மூன்று நிறத்தோடு சக்கரமும் சேர்ந்தால் எதற்கு வம்பு? அவரோ ஆண்டுவிழாவுக்கெல்லாம் இதுதான் போகிறது என்கிறார். அடுத்து மயில் தோகை. தேசியப் பறவை, சரி. கம்பிச் சட்டத்தை முதுகில் கட்டிக்கொண்டு என் பெண் அந்தக் கடை வாசலிலேயே பக்கவாட்டில்தான் வெளியே வந்தாள், அதை வைத்து எங்கே ஆடுவது?

வீட்டில் மாமனார் ஆசையாக வாங்கி, கட்டாமலே வைத்திருந்த சேலம் வெண்பட்டு வேட்டி ஒன்று இருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய துணி, நம்ம ஊர்த் தறியில் நெய்தது, இதைவிட என்ன பாரம்பரியம் வேண்டும் என்று அதையும் அதன் அங்கவஸ்திரத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். மாஸ்டர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பட்டுச்சேலை என்றால் விசிறிக்கு முந்தியை வெட்டிப் போடுவார்களாம், எட்டு முழ வேட்டியில் முந்திக்கு எங்கே போவது? அதோடு, "பரதநாட்டிய டிரஸ்ஸு ஆயிரம் வருஷப் பழசு, அதை மாத்தித் தைக்கக் கூடாதுங்க" என்று ஒரு போடு போட்டார். தைத்துப் போடும் இந்த உடை 1930களில் நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி காலத்தில் வந்த வடிவம் என்று சொல்லியிருக்கலாம், வேலை ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தைத்துத் தந்ததைப் பார்த்தபோது அத்தனை கோபமும் போய்விட்டது. வேட்டியின் இரண்டு கரையையும் நீளமாக வெட்டி, ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் வைத்துத் தைத்திருந்தார். நிற்கும்போது வெறும் வெள்ளைதான் தெரியும், அவள் முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்ததும் விசிறி விரிந்து உள்ளேயிருந்து ஜரிகை வரிவரியாக வெளியே வருகிறது. பின்னால் கேன்வாஸ் கொடுத்திருந்ததால், இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயும் மடிப்பு கலையவில்லை. அரக்கு நிற ஜாக்கெட்டும் அளவு கச்சிதம். தையல் கூலி 3,200 ரூபாய், இந்த வேலைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மற்றதெல்லாம் தலைவலி. பத்து நாளில் தருவதாகச் சொன்னவர் போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் தந்தார், அதுவும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்காமல். அவர் கடையில் வாடகைக்கு எடுத்த ஒட்டியாணம் எட்டவில்லை, பின்னால் நாடா போட்டுக் கட்டி ஒப்பேற்றினோம். நெற்றிச்சுட்டியில் கல் ஏற்கெனவே இரண்டு இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது நாங்கள்தான் தொலைத்தோம் என்று 1,000 ரூபாய் அட்வான்ஸில் 300 பிடித்துக்கொண்டார்கள். வாடகை நகை எடுப்பவர்கள் கடையிலேயே போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சலங்கையை மட்டும் வாடகைக்கே எடுக்காதீர்கள், பட்டையில் யாரோ ஒருவரின் வியர்வை வாசம் அப்படியே இருந்தது.

அந்தச் சுற்றில் அவளுக்கு இரண்டாம் இடம். நடுவர் ஒருவர் மேடையிலேயே இது என்ன துணி என்று கேட்க, "எங்க தாத்தா வேட்டிங்க" என்றாள், கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

போன வாரம் மாஸ்டரே போன் செய்தார், ஆல்பத்தில் வைக்க ஒரு போட்டோ வேண்டுமாம். அனுப்பினேன். அந்த 300 ரூபாயைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை.