பெஸ்தாரி ஜெயாவில் ஒரு லோரிப் பட்டறை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளைப் பழுதுபார்க்கும் இந்தப் பட்டறையை நான் முழுமையாக நம்புகிறேன். சென்ற மாதம் என் லோரியின் ஹைட்ராலிக் குழாய் வெடித்தபோது, பட்டறைக்காரர் பழைய குழாயை வளைத்து, ரப்பருக்குள் துருவேறியிருந்த கம்பிப் பின்னலைக் காட்டிய பிறகே புதியதைப் பொருத்தினார். கூலியும் நியாயம். உதிரிப்பாகம் கிள்ளானிலிருந்து வரவேண்டியிருந்தால் மட்டும் ஒரு நாள் வீணாகிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் கெடும் என்பதால், எனக்கு அது பெருங்குறை.

அந்த அவசரம்தான் ஆலையைத் தோட்டத்தின் பக்கத்திலேயே வைத்தது. ஆலை லோரிகளை வரவழைத்தது, லோரிகள் பட்டறையை வரவழைத்தன. மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்குள்ள ‘தென்னமரம்’ என்ற பெயருடைய தோட்டத்தில் தொடங்கியது. அதன் பிறகு இவ்வட்டாரத்து வேலைகள் பலவும் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தவையே. இங்கே வெல்டிங் செய்யும் இளைஞர்கள் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் கற்ற கைத்தொழில் ஆலைக் கொதிகலனுக்கும் டிராக்டருக்கும் பொருந்தும். ஆயினும் செம்பனை விலை சரிந்தால் எல்லாத் தொழிலும் சேர்ந்தே தளரும். ஆகவே, பட்டறைக்காரர் அண்மையில் தொழிற்சாலை லோரிகளையும் ஏற்கத் தொடங்கியிருப்பதை மனமார வரவேற்கிறேன். காலை எட்டு மணிக்கு முன்பே சென்றுவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.