ஒரு பக்கம் கதை, மறுபக்கம் காடு: ஓநாய் அட்டைத் தொகுப்பு எப்படி இருக்கிறது?

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் உள்ளே இரண்டு அட்டைகள் இருக்கின்றன, அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். அவை எவை என்று பின்னால் வருகிறேன்.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பக்கம் ஓவியத்தோடு ஒரு கதை, உலகின் ஏதாவது ஒரு மூலையில் மனிதர்கள் ஓநாயைப் பற்றிச் சொன்னது. திருப்பினால் அதே விஷயத்தைத் தொட்டுக்கொண்டு நிஜ ஓநாயைப் பற்றிய குறிப்பும் புகைப்படமும். சில அட்டைகளின் மூலையில் கியூஆர் குறி இருக்கிறது, போனைக் காட்டினால் ஒலிப்பதிவு கேட்கலாம். அவ்வளவுதான். கூடவே ஒரு விளையாட்டு விதித்தாளும் வருகிறது, அதை விட்டுவிடுங்கள், இந்த அட்டைகள் படிக்கவும் பேசவும்தான், விளையாட அல்ல.

எனக்கு மிகப் பிடித்தது ரோமுலஸ், ரெமுஸ் அட்டை. ஆற்றில் விடப்பட்ட இரட்டைக் குழந்தைகளுக்குப் பெண் ஓநாய் ஒன்று பாலூட்டிய ரோமானியக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அட்டையின் கீழே, பழைய துருக்கிய மக்களும் தங்கள் குலத்தின் தாயாக ஒரு பெண் ஓநாயைச் சொன்னார்கள், மங்கோலியர்களின் 13-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல் செங்கிஸ்கானின் வம்சத்தை ஒரு சாம்பல் நீல ஓநாயிலிருந்தும் ஒரு பெண்மானிலிருந்தும் தொடங்குகிறது என்று இரண்டே வரி. அப்புறம் அட்டையைத் திருப்புங்கள். சுமார் 63 நாள் கர்ப்பத்துக்குப் பிறகு கண் திறக்காமல், காது கேட்காமல் பிறக்கும் குட்டிகள், ஆரம்பத்தில் நீலமாக இருந்து பின்னால் மஞ்சளாக மாறும் கண்கள், வேட்டையிலிருந்து திரும்பும் அப்பாவும் அண்ணன் அக்காக்களும் வயிற்றில் சுமந்து வந்த இறைச்சியைக் கக்கி ஊட்டுவது. அந்தப் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் ஒரு குட்டி, மூக்கில் ஈர மண், தன் வாயைப் பெரிய ஓநாயின் வாயோரத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது, பெரியது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறது. நாய் வளர்ப்பவர்களுக்கு இது உடனே புரியும், வீட்டுக்குள் நுழைந்ததும் நம் முகத்தை நக்க வருகிறதே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான். "ஆகவே கதை உண்மையாக இருக்கலாம்" என்றோ "கதை பொய்" என்றோ அட்டை எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, அந்த நிதானம்தான் இந்தத் தொகுப்பின் பலம்.

ஊளை அட்டையும் அருமை. முன்பக்கம் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணத்தில் சூரியனையும் நிலவையும் துரத்தி ஓடும் ஸ்கோல், ஹாட்டி என்ற இரண்டு ஓநாய்கள். பின்பக்கம், ஓநாய் நிலவைப் பார்த்து ஊளையிடுவதில்லை, கூட்டத்தைத் திரட்டவும், பிரிந்து போனவரைக் கூப்பிடவும், இது எங்கள் இடம் என்று பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்லவும்தான் ஊளையிடுகிறது, தலையைத் தூக்குவது குரல் தூரம் போவதற்காக என்ற விளக்கம். காட்டில் அந்தக் குரல் பத்து கிலோமீட்டர் வரைகூடப் போகுமாம். ஒலிப்பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடிக்குரல் எல்லாம் காணாமல் போய்விடுகிறது. முதலில் தனி ஓநாய், ஒரே நீண்ட குரல். அடுத்தது கூட்டம். கேட்டால் இருபது முப்பது இருக்கும் என்று தோன்றும், உண்மையில் நான்கைந்துதான். ஆளுக்கொரு சுருதியில் ஏற்றி இறக்கிக் குரலை மாற்றிக்கொண்டே இருப்பதால் எண்ணிக்கை பெருகிக் கேட்கிறது. கடைசிப் பதிவில் மட்டும் யாரோ வயலின் இசையைச் சேர்த்திருக்கிறார்கள். ஊளைக்குப் பின்னணி இசை எதற்கு? அடுத்த பதிப்பிலாவது எடுத்துவிடுங்கள்.

காசு கொடுத்ததற்கு இது ஒன்றே போதும் என்று நான் நினைக்கும் அட்டை 'ஆல்ஃபா' ஓநாய், அதாவது சண்டை போட்டுக் கூட்டத்துக்குத் தலைவனாகிறது என்று சொல்லப்படும் ஓநாய். இங்கே முன்பக்கக் கதையே விஞ்ஞானம் சொன்ன கதை. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக ஓயாமல் மோதிக்கொள்கின்றன என்று எழுதினார். 1970-இல் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அப்புறம் அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்துவிட்டு, 1999-இல் தன் பழைய கருத்தையே மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கடந்த சில வருடங்களில் பிறந்த பிள்ளைகள். சண்டை போட்டு ஜெயித்து யாரும் தலைவராவதில்லை, ஜோடி சேர்ந்து பிள்ளை பெற்றால் தலைவர், அவ்வளவுதான். வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று வயதுக்குள் கிளம்பிப்போய்த் தங்களுக்கென்று துணையும் இடமும் தேடிக்கொள்கின்றன. முன்பின் தெரியாத ஓநாய்களை வேலிக்குள் போட்டு அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? இன்றைக்கும் மேலாளர்களுக்குப் பாடம் எடுப்பவர்களும் நாய்ப் பயிற்சியாளர்கள் சிலரும் அந்தப் பழைய கதையையே பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளைகளுக்கான அட்டை இதை இவ்வளவு தெளிவாகச் சொல்வது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, இப்போது அந்த இரண்டு அட்டைகள்.

ஒன்று சிவப்புத் தொப்பிப் பெண்ணின் கதை. முன்பக்கத்தில் குறை இல்லை. 1697-இல் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதியபோது ஓநாய் அவளைத் தின்றுவிடுவதோடு கதை முடிந்துவிட்டது, வேடன் வந்து காப்பாற்றும் முடிவு 1812-இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வந்தது என்று இரண்டு முடிவுகளையும் சொல்கிறது. பின்பக்கம்தான் பிரச்சினை: ஓநாய் மனிதரைத் தாக்கியதே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. அது உண்மை இல்லை. வெறிநோய் பிடித்த ஓநாய்கள் தாக்கியிருக்கின்றன. காட்டு இரை அழிந்துபோன இடங்களில், தனியாக ஆடுமாடு மேய்க்கப் போன சிறுவர்களை ஓநாய்கள் கொன்ற பதிவுகளும் உண்டு. இன்று அது மிக அரிது, அதை அப்படியே சொல்லியிருக்கலாமே. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்று நாம் சொல்வது மந்தை வைத்திருந்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்தது. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால், இன்றும் ஓநாய் திரியும் இடத்தில் ஆடு மேய்ப்பவர் நாம் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்?

இன்னொன்று யெல்லோஸ்டோன் அட்டை. 1926 வாக்கில் அமெரிக்காவின் அந்தத் தேசியப் பூங்காவில் ஓநாய்களை ஒழித்துவிட்டார்கள், 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து மொத்தம் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள், இதெல்லாம் சரி. அதன்பின் எல்க் மான்கள் குறைந்து, செடிகள் வளர்ந்து, ஆறுகளே பாதை மாறின, எல்லாம் ஓநாயால் என்று முடிக்கிறது. விஞ்ஞானிகள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. அதே காலத்தில் கரடிகளும் பூமா என்ற பெரும்பூனைகளும் பெருகின, பூங்காவுக்கு வெளியே மனிதர்களும் எல்க்கை வேட்டையாடினார்கள், வறட்சி வந்தது, அணை கட்டும் பீவர்கள் இல்லாமல் போன ஓடைகளில் வில்லோ மரங்கள் எதிர்பார்த்த அளவு மீளவில்லை. அரக்கனாக இருந்த ஓநாயை இந்த இரண்டு அட்டைகளும் மகானாக்கிவிடுகின்றன. மகான் ஒரு கன்றுக்குட்டியைக் கடித்துவிட்டால் மக்கள் இரட்டிப்புக் கோபத்தோடு துப்பாக்கியை எடுப்பார்கள். ஓநாய் ஓநாயாக இருப்பதற்கு இடம் கொடுத்தால் போதும், மற்ற அட்டைகள் அதைத்தான் அழகாகச் செய்கின்றன.

உதாரணத்துக்கு ஜப்பான் அட்டை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் மானையும் ஓநாய் விரட்டியதால் மலைக்கோயில்களில் அதைத் தெய்வத்தின் தூதராக வைத்துக் கும்பிட்டார்கள், அப்படிக் கும்பிட்ட நாட்டிலேயே ஹோன்ஷு ஓநாய் கடைசியாக 1905-இல் பதிவானதோடு முடிந்துபோனது. மிகையே இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

இந்திய ஓநாய் அட்டையில் ஒரு பெரிய தவறு. புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் வாழும், உடல் சிறுத்த, முடி குறைந்த ஓநாய் என்று சரியாக எழுதிவிட்டு, பனியில் நிற்கும் அடர்முடி ஓநாயின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் படத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

அட்டை தடிமனாக இருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் பளபளக்காத அச்சு, பல கை மாறியும் ஓரம் பிய்யவில்லை. பெட்டி மூடிதான் சீக்கிரம் கிழிகிறது, ஒரு துணிப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்பக்க எழுத்து ரொம்பச் சிறியது, கண்ணாடி போடும் தாத்தா பாட்டிகள் படித்துக் காட்டுவது கஷ்டம். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால், நார்ஸ் புராணத்தில் கட்டிப்போடப்பட்ட ஃபென்ரிர் ஓநாய் டீர் தேவனின் கையைக் கடித்துத் துண்டாக்கும் ஓவியம் கொஞ்சம் கடுமை, ரத்தம் எல்லாம் தெளிவாகவே தெரிகிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.